குங்குமம் வைத்த தாத்தா

எங்கள் ஆண்டர்சன்பேட்டை நூலகத்தில் விசேஷ நாள் வந்தால் வாசலருகே ஒரு மேஜை போடுவார்கள். கர்நாடக ராஜ்யோத்சவத்துக்குக் கன்னடப் புத்தகங்கள், புத்த பூர்ணிமாவுக்குப் புத்தர் கதைகள். ஒன்பதாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்ட எனக்கு அந்த மேஜையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஊர்த் தங்கச் சுரங்கம் மூடி இருபத்தைந்து வருஷம் ஆனபோதுதான் நூலகத்து அக்கா என்னைக் கூப்பிட்டு, "வீட்ல பழைய போட்டோ எதுனா கீதா தம்பி? மேஜைல வெக்கலாம்" என்றார்.

இருந்தது. ஷிப்ட் முடிந்து, சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ் முன்னால் வரிசையாக நிற்கும் ஆட்கள். முகமெல்லாம் அழுக்கு. ஓரத்தில் முறுக்கு மீசையோடு நிமிர்ந்து நிற்பவர்தான் என் தாத்தா. அவர் தோள்மேல் யாருடையதோ ஒரு கை மட்டும் தெரியும்; அந்தக் கைக்காரரைச் சட்டம் மறைத்துவிட்டது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் தாத்தாவின் நெற்றியில், கண்ணாடி மேலேயே, குங்குமம் வைப்பாள். நான் மீசை வளர்த்ததே அவரைப் பார்த்துத்தான்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மேஜையில் சுரங்கப் புத்தகங்களுக்கு நடுவே அதே போட்டோ ஏற்கெனவே நின்றது, எங்களுடையதைவிடப் பெரிதாக. பக்கத்தில் அதைக் கொண்டுவந்தவன் நின்றான். பக்கத்து லைன் வீட்டுக்காரன், என் சோட்டுப் பையன். தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகூடக் கழுத்தில் ஆபீஸ் அட்டை. அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

"இன்னாடா, தூங்கும்போதாவது அத்த கழட்டுவியா?" என்றேன்.

அவன் என் கையிலிருந்த படத்தையே பார்த்தான். "எங்க தாத்தாக்கு எதுக்குடா பொட்டு வெச்சிகிறீங்க?"

"உங்க தாத்தாவா? மீசக்காரரு எங்க தாத்தாடா."

"டேய், அவரு பௌத்தத்துக்கு மாறினப்பவே குங்குமத்த உட்டுட்டாரு. நீங்க இன்னும் வெச்சினுகிறீங்களா?"

வேலைதான் கிடைத்துவிட்டது, தாத்தாவையுமா எடுத்துக்கொள்வான்? "அம்மா, சொல்லும்மா" என்றேன்.

அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவங்க தாத்தாதான்டா அது."

"அப்ப நம்ப தாத்தா?"

"அந்தக் கைதான். சட்டம் போட்டவன் சின்னதா போட்டுட்டு, போட்டோவ வெட்டிட்டான். கைக்கு எப்பிடிடா பொட்டு வெக்கறது? பக்கத்துல கீறவருக்கு வெச்சேன்."

நூலகத்து அக்கா திரும்பி நின்று சிரித்தார்.

வேறு வழியில்லாமல் அவன் வீட்டுப் போட்டோவைக் குனிந்து பார்த்தேன். அது வெட்டாத படம். கைக்குப் பின்னால் ஆளும் இருந்தார். குள்ளம். மீசையே இல்லை. காது இரண்டும் என்னுடையதைப் போலவே விரிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். என் தாத்தாவின் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அதுவும் இவன் வீட்டுப் படத்தில்.

அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடலாமா என்றிருந்தது. கேட்கத்தான் வேண்டியிருந்தது.

"டேய், ஒரு காப்பி போட்டுக் குடுடா."

"குடுக்கறேன். மொதல்ல எங்க தாத்தா நெத்திய தொடைடா."

சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே, மழுமழுவென்றிருந்த அவன் முகத்தைப் பார்த்து, "இன்னா இருந்தாலும் அந்த மீச ஒனக்கு வராதுடா" என்றேன். எரிகிற வயிற்றுக்கு அவ்வளவாவது வேண்டாமா?