வலிக்காத கால்

என் தாய்மாமன் தீ மிதித்தால் குப்பமே திரண்டு வந்து பார்க்கும். மற்றவர்கள் பின்னால் நாய் துரத்துவதுபோல் நெருப்பின் மேல் ஓடுவார்கள். மாமா நடப்பார். காலையில் கட்டுமரத்தைத் தேடி மணலில் போவாரே, அதே நடை. அம்மன் அவன் காலில் குடியிருக்கிறாள் என்று பெரியவர்களே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அது எழுபதுகளின் நடுப்பகுதி. மாமல்லபுரத்துக்கு வடக்கே இருந்த எங்கள் குப்பத்தில் அதைவிடப் பெரிய கௌரவம் வேறு கிடையாது. எனக்கு எட்டு வயது. அவருக்கு அக்கா மகள் என்பதால் எனக்குத் தலைகால் புரியாத கர்வம்.

அந்த வருஷம் மாமாவின் வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு குழி விழுந்திருந்தது. கால் ஆணி என்றார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் ஆறிவிடும் என்றார்கள். மாமா வலிக்கிறது என்று ஒரு நாளும் சொல்லாததால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். திருவிழா முடிந்ததும் கல்யாணம். அந்தக் குதூகலத்தில் பாதத்தைத் திருப்பிப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

தீ மிதிக்கக் காப்புக் கட்டிய பிறகுதான் காலிலிருந்து நாற்றம் வரத் தொடங்கியது. கருவாடு காய்கிற ஊரிலேயே மூக்கைப் பொத்த வைத்த நாற்றம். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அம்மா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். யாராவது கேட்டால் பிள்ளைக்குக் காது வலி, தம்பி துணைக்கு வந்தான் என்று சொல்லலாம் என்று என் காதில் பஞ்சை அடைத்தாள். மாமா மணிக்கட்டின் மஞ்சள் கயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டார். மூவரும் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமாவைக் கண்களை மூடச் சொன்னார். பேனா முனையால் பாதத்தில் தொடுவதாகவும், தொட்டதும் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். தொட்டார். அழுத்தினார். குத்தினார். எனக்கே உடம்பு கூசியது. மாமா கண்களை மூடியபடி, "எப்ப சார் தொடுவீங்க?" என்று கேட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் குழியைச் சுற்றிக் காய்த்துப்போன தோலை பிளேடால் சீவி எடுத்தார். உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. "இது ஆணி இல்லப்பா. கால் மரத்துப் போச்சு. வியாதிக்கு மாத்திரை தர்றேன், அது அடங்கிடும். புண்ணுக்கு மாவுக்கட்டு போடணும். ஒரு மாசம் இந்தக் காலை ஊனாம இருந்தா ஆறிடும்."

"தீ மிதிக்கலாமா சார்?"

டாக்டர் பிளேடைக் கீழே வைத்தார். "மிதிச்சா காலே போயிடும்."

மாவுக்கட்டு வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். புண் அழுந்தாமல் இருக்க மெத்தென்ற கறுப்பு ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார்கள். அந்தச் செருப்பைப் பார்த்தாலே குஷ்டம் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் மாமா அதை பஸ் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். "நீ எறங்கலன்னா இன்னா ஏதுன்னு கேப்பாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க வேற வராங்க. இந்த ஒரு தபா எறங்கிடு. கண்ணாலம் முடியட்டும், அப்பால வைத்தியம் பாத்துக்கலாம்."

"எறங்குறேன்க்கா. எனக்கு வலிக்கவா போவுது?" என்றார் மாமா.

வழக்கம்போல மாமா நடந்தார். பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நெருப்பைக் கடந்து பால்குழியில் கால் நனைத்து வந்தவரின் பாதத்தை மஞ்சள் தண்ணீரால் கழுவுவது அக்கா மகளான என் உரிமை. கழுவும்போது பார்த்தேன். குழிக்குள் ஒரு கங்குத் துண்டு சிக்கியிருந்தது. விரலை விட்டு எடுத்தேன். என் விரல் சுட்டுப் பொசுங்கியது. மாமா என் தலைக்கு மேலே மாமனாராகப் போகிறவரிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

கல்யாண நாள் வருவதற்கு முன்பே மாமாவுக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது. செங்கல்பட்டில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பெண் வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டு விலகிக்கொண்டார்கள். காப்போடு அவர் பஸ்ஸில் போனதை யாரோ பார்த்திருந்தார்கள். எல்லையைத் தாண்டியதால் அம்மன் காலை எடுத்துக்கொண்டாள் என்று குப்பம் தீர்ப்புச் சொன்னது. அம்மா மறுக்கவில்லை. உண்மைக்கு அந்தப் பழி எவ்வளவோ மேல். கடலுக்குப் போகாத மாமா வாசலில் உட்கார்ந்து வலை பின்னினார். தம்பியைக் கொன்றுவிட்டேன் என்று அம்மா அடுப்படியில் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். உயிரோடுதானே இருக்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருக்கும்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. வெள்ளிக்கிழமை எனக்குத் தலை குளிப்பாட்டும்போது காலைப் பிடித்து மடியில் வைத்து, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் உள்ளங்காலில் குத்துவாள். "வலிக்குதாடி?" என்பாள். வலிக்கும். ஆ என்று கத்துவேன். அம்மா அப்பாடா என்று மூச்சு விட்டு, தண்ணீர் ஊற்றுவாள்.

மறுவருஷத் திருவிழாவில் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று அம்மனிடம் மனதார வேண்டிக்கொண்டேன். மாமாவை விட்டுப் போன நீ என் காலுக்கு வந்துவிடு என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா குத்தியபோது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வலிக்குதாடி?"

"இல்ல."

அம்மா இன்னும் அழுத்திக் குத்தினாள். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. கண்ணில் முட்டிய தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு, "வலிக்கவே இல்லம்மா" என்று சிரித்தேன்.

அம்மா என் பாதத்தை முகத்தோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மன் என்னிடம் வந்துவிட்ட சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.