பீப்பியின் இடப்பக்கப் பல்

மாமா என் மேசையில் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்துப் பிரித்தார். உள்ளே நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் துணுக்கு.

"இந்தாங்க டாக்டரே, உங்க பொருள். முழுங்கறதுக்குள்ள பிடிச்சுட்டேன். கழுவி வெச்சா அடுத்த ஆளுக்கு ஆகும்."

போன மாதம் அவர் பல்லில் நான் வைத்த ஃபில்லிங் அது. மேல் வரிசையில் இடப்பக்கம், கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லில், ஈறை ஒட்டி ஒரு பள்ளம். அதற்கு முன்பு வேறொரு கிளினிக்கில் அடைத்ததும் இப்படித்தான் கழன்று விழுந்தது. அப்போது வீட்டில் எல்லோரும் சேர்ந்து அந்தக் கிளினிக்கைத் திட்டினோம். இப்போது திட்டு வாங்க வேண்டியது நான்.

மாமா என் அம்மாவின் தம்பி. வாரநாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறார். சனி, ஞாயிறில் கால்பந்து ரெஃப்ரி. இளவயதில் ஆட்டக்காரர், முட்டி திரும்பிக்கொண்ட பிறகும் மைதானத்தை விட்டு வெளியே வர மனமில்லாமல் ரெஃப்ரி பரீட்சை எழுதினார். பள்ளிக்கூடத்தோடு பரீட்சைக்கெல்லாம் கும்பிடு போட்ட மனிதர், மூன்றாவது முறையில் தேறினார். வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் அவருடைய பூட்ஸும் கொடிகளும் கிடக்கும். மஞ்சள், சிவப்பு அட்டைகள் லைசென்ஸோடு ஒரே உறையில் இருக்கும். ஒருமுறை வண்டியை நிறுத்திய போலீஸ்காரரிடம் பதற்றத்தில் சிவப்பு அட்டையை எடுத்து நீட்டிவிட்டு, அரை மணி நேரம் ஓரமாக நின்றார்.

ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பீப்பி. யாராவது தும்மினால்கூட ஊதிவிடுவார் என்பார்கள். கால்பந்து சங்கத்தின் மேலிடத்திலும் அதே பேச்சுதான்: நேர்மையான ஆள், நல்ல ஓட்டம், ஆனால் அவசரக்காரர். அதனாலேயே இத்தனை வருடத்தில் ஒரு இறுதி ஆட்டத்துக்குக்கூட அவரை நடுவில் நிற்க விட்டதில்லை. இந்த வருடம் கொடுத்திருந்தார்கள். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

"ஃபைனலுக்கு இன்னும் ஒரு வாரம்தான்," என்றார் மாமா. சிரிப்பு போய்விட்டிருந்தது. "வாயைத் திறந்துக்கிட்டு ஓடும்போது காத்து பட்டாலே சுரீர்னு இழுக்குது. போன மேட்ச்ல கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே ஓடியிருக்கேன். சங்கத்து செக்ரட்டரி பார்த்துட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாராம்."

துணுக்கைத் திருப்பிப் பார்த்தேன். உடையவில்லை, தேயவில்லை. அச்சு வார்த்தது போல முழுசாகக் கழன்று வந்திருந்தது.

"அழுத்தித் தேய்க்கிறீங்களா?"

"நீ குடுத்த பஞ்சு மாதிரி பிரஷ்லதான் தேய்க்கிறேன். சாமி சிலையைத் துடைக்கிற மாதிரி."

"தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?"

"அதை உங்கம்மாகிட்டதான் கேக்கணும். என் குறட்டைக்கே பக்கத்து ரூம்ல இருந்து செவுத்தைத் தட்டுவா."

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. நான் சொல்வதை வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு அதுவே பயம். நான் தவறினால் அதைக் கண்டுபிடிக்கவும் நான்தான் இருக்கிறேன். ஈரம் பட்டுவிட்டதா, அடைக்கும் மருந்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தேனா, இல்லை என் கைக்கே இந்த வேலை வரவில்லையா? ஈறோரத்தில் ஃபில்லிங் நிற்பது எல்லோருக்கும் கஷ்டம்தான் என்று பாடத்தில் படித்தது எந்த ஆறுதலும் தரவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளி அணிகளின் ஆட்டம் ஒன்று அவருக்கு இருந்தது. என்னை வீட்டில் இறக்கிவிட நேரமில்லை என்று வேனோடு மைதானத்துக்கே கூட்டிப்போனார். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தேன்.

அவரை நாற்காலியில் படுக்க வைத்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஓடும்போது ஒருநாளும் பார்த்ததில்லை. விசிலை அவர் உதட்டில் வைக்கவே இல்லை. இடது கடைவாய்ப் பக்கம் சுருட்டு போலச் செருகிக்கொண்டு பல்லால் பிடித்திருந்தார். ஊதாதபோதும் அது அங்கேயே இருந்தது. பந்து கோல் பக்கம் நெருங்க நெருங்க அவருடைய இடது தாடை புடைத்து எழுந்தது. பந்து விலகியதும் அடங்கியது.

நான் துள்ளி எழுந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, ஆடும் பையன் ஒருவனின் அம்மா, "உங்க பையன் கோல் போட்டானா?" என்றார்.

இடைவேளையில் ஓடிப்போய் விசிலைப் பிடுங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் இரண்டு பள்ளங்கள், கோரைப்பல்லுக்கு ஒன்று, அடுத்த பல்லுக்கு ஒன்று.

"மாமா! நீங்க இதைக் கடிக்கிறீங்க!"

"கடிக்காம? பறந்துடுமே."

"கடிக்கும்போது பல்லு துளியூண்டு வளையும் மாமா. கண்ணுக்குத் தெரியாது. வளையற இடம் ஈறோரம்தான். பல்லு வளையுது, உள்ள நான் வெச்சது வளைய மாட்டேங்குது. ஒவ்வொரு கடிக்கும் ஓரத்துல நெம்புது!"

"பல்லு வளையுமா? என்கிட்டயே கதை விடுறியா?"

பல் மருத்துவர்களிலேயே வளையும் என்று ஒரு சாராரும், அது மட்டுமே காரணமாகாது என்று இன்னொரு சாராரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதையும் அவரிடம் சொன்னேன். ஆனால் அந்த இரண்டு பள்ளங்கள் என் கையில் இருந்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் முதல் ஆளாக அவரை நாற்காலியில் சாய்த்தேன். பள்ளத்தின் தரை தேய்ந்து தேய்ந்து கண்ணாடி போல வழுவழுவென்று இருந்தது. போன முறை அதை லேசாகத்தான் உரசியிருந்தேன். இம்முறை பளபளப்பு போகும்வரை உரசினேன். ஈறின் இடுக்கில் மெல்லிய நூலைச் செருகி, கசியும் ஈரத்தைத் தள்ளி நிறுத்தினேன். சுற்றிலும் ரப்பர் ஷீட் கட்டினேன். பசையைத் தடவி, ஊதிக் காயவைத்து, நீல ஒளி காட்டினேன். கடினமான மருந்தை ஒதுக்கிவிட்டு, பல்லோடு சேர்ந்து கொஞ்சம் இணங்கிக் கொடுக்கக்கூடியதாக எடுத்து, மெல்லிய அடுக்குகளாக வைத்தேன். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒளி. கடைசியில் நகத்தால் வருடினால் எங்கே பல் முடிகிறது, எங்கே மருந்து தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு ஓரத்தை மெருகேற்றினேன்.

சீனியர் டாக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னுமா? உங்க மாமா வாயிலேயே குடியேறப் போறியா?"

ரப்பருக்குப் பின்னாலிருந்து மாமா ஏதோ உறுமினார். வாடகை கேட்கிறார் என்று சீனியரே மொழிபெயர்த்தார்.

"இனிமே விசில் கையில. ஊதும்போது மட்டும் உதட்டுல," என்றேன், அவர் எழுந்ததும்.

"கையில விசிலோட நின்னா நான் ரெஃப்ரியா, வாட்ச்மேனா?"

"பல்லு வேணுமா, ஃபைனல் வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"அப்ப கையில."

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை. விசிலை இரண்டு விரலில் மாட்டிக்கொண்டு நடந்தார். அம்மா கரண்டியைக் கீழே போட்டால் கை வாய்க்குப் போகும், ஊதுவார். "இன்னொரு தடவை சமையல்கட்டுல ஊதினே, அந்தக் கரண்டியாலேயே மீதிப் பல்லும் போகும், பார்த்துக்கோ," என்றாள் அம்மா. வெள்ளிக்கிழமை செக்ரட்டரியின் முன்னால் மைதானத்தை நான்கு சுற்று ஓடிக் காட்டினார். கை கன்னத்துக்குப் போகவில்லை. ஆட்டம் அவருக்கே என்றானது.

இறுதி ஆட்டத்தில் நான் பந்தைப் பார்த்ததே கொஞ்சம். மாமாவின் இடது தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாதி முழுக்க விசில் கையில். இரண்டாம் பாதியில் நீல அணி கோல் போட்டதும் ஆட்டம் சூடு பிடித்தது. பழைய பழக்கம் எட்டிப் பார்த்தது. விசில் மெல்லக் கடைவாய்க்கு ஏறியது.

"மாமா! கையில!" என்று எழுந்து நின்று கத்தினேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவர் திருட்டு முழி முழித்துவிட்டு விசிலை இறக்கினார். "ரெஃப்ரிக்கும் கோச் வெச்சிருக்காங்கடா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

முடிய ஓரிரு நிமிடம் இருக்கும்போது வெள்ளை அணிக்காரன் பந்தோடு கோல் பெட்டிக்குள் நுழைந்தான். தடுப்பவன் சறுக்கிக்கொண்டு வந்தான். இவன் விழுந்தான். "பெனால்ட்டி!" என்று பாதி மைதானம் அலறியது. மாமாவின் கை மேலே போனது. பழைய பீப்பியாக இருந்திருந்தால் அலறல் வருவதற்கு முன்பே ஊதி முடித்திருப்பார். இப்போது கை வாய்க்குப் போகும் நேரம் ஒன்று நடுவில் இருந்தது. உதட்டருகே கை நின்றது. பந்து திசை மாறி எல்லைக்கோட்டைத் தாண்டி உருள்வதை அவர் பார்த்தார். தடுப்பவனின் கால் முதலில் பந்தைத்தான் தொட்டிருக்கிறது. கை இறங்கியது. மூலைக் கொடியைக் காட்டினார்: கார்னர்.

இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. என் கணக்கெல்லாம் பல்லுக்குத்தான்.

கார்னரில் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டம் முடிந்தது. வெள்ளை அணியின் கேப்டன் மாமாவை மறித்து நின்று கத்திக்கொண்டிருந்தான். நான் இறங்கி ஓடினேன். என்னைப் பார்த்ததும் மாமா அவ்வளவு சண்டைக்கும் நடுவில் ஆவென்று வாயைத் திறந்து தலையைச் சாய்த்தார். கேப்டனுக்கு வார்த்தை பாதியில் நின்றது.

"என்னண்ணா பண்றீங்க?"

"டாக்டர் வந்திருக்காங்க. ஒரு நிமிஷம் இருப்பா."

போன் வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரம் எங்கும் எழும்பவில்லை. கோடுகூட விழவில்லை.

"டாக்டரம்மா," என்றான் கேப்டன், வயிற்றெரிச்சலோடு, "பல்லை விட்டுட்டு அந்தக் கண்ணைக் கொஞ்சம் பாருங்க!"

மாமா சிரித்தார். வாய் திறந்தே இருந்ததால் அந்தச் சிரிப்பு முழுவதையும் பார்த்தேன்.

"இருக்கா?"

"இருக்கு மாமா."

"இனிமே விழாதுல்ல?"

"ஒரு மேட்ச் நின்னிருக்கு. ஒரு வருஷம் நிக்குமான்னு எனக்கே தெரியாது. ஆறு மாசம் கழிச்சு வாங்க, பார்க்கலாம்."

"அப்படியே இவனையும் கூட்டிட்டு வரேன்," என்று கேப்டனின் தோளில் கை போட்டார் மாமா. "கத்தறப்போ பார்த்தேன், கீழ்ப்பல்லுல ஒரு பள்ளம் இருக்கு."