பாஸ்வேர்ட் சரிதான், டெஸ்க்டாப்தான் வரவில்லை

இன்று காலை புக்கிட் தெங்காவில் இருக்கும் எங்கள் ஆபீஸில், என் லினக்ஸ் கணினியில் பாஸ்வேர்ட் போட்டேன். ஏற்றுக்கொண்டது. ஸ்கிரீன் ஒரு நொடி கறுத்தது, பிறகு மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்டது. நாலு தடவையும் இதே கதை.

ஐ.டி. பார்க்கும் செல்வம் அண்ணே இன்றைக்கு லீவு. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி, வெறும் எழுத்து மட்டும் வரும் திரையில் நானே நுழைந்தேன். டிஸ்க் நூறு சதவீதம் நிறைந்திருந்தது; டெஸ்க்டாப் திறக்க இடமில்லை.

எது நிறைத்தது என்று தேடினால், என் கணக்குக்குள்ளேயே ஒரு மறைவான ஃபோல்டர். நான் உருவாக்கியது இல்லை. ஆயிரக்கணக்கில் படங்கள், நிமிடத்துக்கு ஒன்று.

பழையதில் கொஞ்சம் அழித்ததும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. மீதியில் ஒன்றைத் திறந்தேன்.

என் ஸ்கிரீன்தான். போன வியாழன் மதியச் சாப்பாட்டு நேரம். வேறு கம்பெனிக்கு நான் எழுதிய வேலை விண்ணப்பம், பாதி வரியில் நிற்கிறது.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"டிஸ்க் நெறைஞ்சிருச்சு அண்ணே. உள்ள பூரா என் ஸ்கிரீன் படமா இருக்கு."



"சாரிம்மா. மாசக் கடைசில எடுத்துக் குடுத்துட்டு அழிச்சிருவேன். இந்த வாட்டி மறந்துட்டேன் லா."

"யார்கிட்ட குடுப்பீங்க?"

"இப்ப லாகின் ஆவுதுல்ல? அத மட்டும் பாரு."

இதைக் கைப்பேசியில்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஆபீஸ் கணினி தினமும் ஒழுங்காகத் திறக்கிறதா? அப்படியென்றால், அங்கே யாரோ மறக்காமல் அழித்துக்கொண்டிருக்கிறார்.