சோற்றில் நான் வைத்ததாகச் சொன்ன மருந்து

என் கணவருக்கு மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தபோது உசிலம்பட்டியில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சூடு என்றார்கள், மூலம் என்றார்கள். மெடிக்கல்காரர் எதையும் கேட்காமல் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தார். போக்கு அதிகமானதுதான் மிச்சம். இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு மெலிந்துபோனார்.

மாமியார் அவரைத் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போனார். தின்றது செரிக்காமல் வயிற்றில் சிக்கிக் கிடந்தால் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லும் ஆட்கள் எங்கள் பக்கம் உண்டு. திருப்பரங்குன்றத்தில் அந்த ஆள் உறிஞ்சித் துப்பியதில் முடி சுற்றிய கருப்பு உருண்டை ஒன்று வந்து விழுந்தது.

"இது இடுமருந்து. சோத்துல வச்சுக் குடுத்திருக்காக."

யார் என்று அந்த ஆள் சொல்லவில்லை. அந்த வீட்டில் சோறு பொங்குகிறவள் நான் ஒருத்திதான். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள நான் வைத்த வசிய மருந்தாம். கைக்குள் விழுந்த மனிதர் என்னை ஒரு சினிமாவுக்குக்கூடக் கூட்டிப் போனதில்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமியார் தனியாக உலை வைத்தார். நான் நீட்டிய தண்ணீரைக்கூட என் கணவர் வாங்கவில்லை. அம்மாவுக்குப் பயந்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மயங்கி விழுந்தார். நானே மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடல் முழுக்கப் புண் என்றார் டாக்டர். பொறுமையாக விளக்கவும் செய்தார். குடலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, பெரும்பாலும் நமக்கு வேண்டியவைதான். அவை குடல் சுவரில் ஒட்டாதபடி சுவரிலுள்ள சில செல்கள் வழுவழுப்பான சளியைச் சுரந்து மூடி வைக்கின்றன. அந்தப் படலம் மெலிந்தால் நுண்ணுயிர்கள் சுவரை நெருங்கிவிடும். எதிரி வந்துவிட்டதென்று உடம்பின் காவல் செல்கள் சண்டைக்குக் கிளம்பி, சொந்தக் குடலையே புண்ணாக்கிவிடும். கண்ட ஆன்டிபயாடிக்கும் நல்ல கிருமிகளைக் கொன்றிருக்கலாம். சிலருக்கு மட்டும் ஏன் இப்படி வருகிறது என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. எல்லாவற்றையும் என் கணவரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார், வீட்டில் போய்ச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் டாக்டரிடம் கேட்டார்.

"சார், சோத்துல யாராச்சும் எதையாச்சும் வச்சுக் குடுத்தா இப்பிடி வருமா?"

டாக்டர் சிரித்துவிட்டு, வராது என்றார். அம்மாவுக்குப் பயந்தெல்லாம் இல்லை, அவரே அப்படித்தான் நினைத்திருக்கிறார். அன்று எனக்கு மனசு விட்டுப்போனது.

இப்போது மாத்திரையில் ஓரளவு குணம். மறுபடி நான்தான் சமைக்கிறேன். முதல் கவளத்தை அவர் கண்முன்னே தின்றுவிட்டுத்தான் பரிமாறுகிறேன். வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.