லேபிள் இல்லாத கிரீம்

என் முகத்தை வேறு யாரும் கெடுக்கவில்லை. பதினேழு வருடம் என் கையாலேயே பூசிப் பூசிக் கெடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் எல்லோரும் உடனே பழி போட ஓர் ஆளைத் தேடுகிறார்கள். கிரீம் விற்றவளைத் திட்டுகிறார்கள், சுவிஸ் குளிரைத் திட்டுகிறார்கள், ஒருத்தி என் கணவரைக்கூடத் திட்டினாள். அந்த மனிதர் பாவம். என் முகத்தை உற்றுப் பார்த்தே அவருக்குப் பல வருடமாகிவிட்டது.

மகள் பிறந்த பிறகுதான் எனக்கு மங்கு விழுந்தது. முதலில் இரண்டு கன்னத்திலும் தேத்தண்ணி சிந்திக் காய்ந்தது போல ஒரு படை. பிறகு நெற்றியிலும் மேலுதட்டுக்கு மேலேயும். மகளைக் கையில் தந்த அன்றே நான் செய்த முதல் வேலை, அவளுடைய காது மடலின் நுனியை விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்ததுதான். பிறந்த குழந்தைகள் எல்லாமே சிவப்பாகத்தான் இருக்கும், காது நுனியில் தெரிவதுதான் வளர்ந்த பிறகு வரப்போகும் நிறம் என்பது எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நுனி கறுத்திருந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் ஏதோ இறங்கிப் போனது, அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு வணக்கம் சொல்ல வராது. சுவிஸின் வில் நகரத்தில் இத்தனை வருடம் இருந்தும், கோயில் திருவிழாவிலோ கலியாண மண்டபத்திலோ என்னைக் கண்டவுடன் கேட்பது ஒன்றுதான்.

"என்ன அக்கா, சரியாக் கறுத்துப் போனீங்கள்? வருத்தம் ஏதுமோ?"

நோய் ஏதுமோ என்று நலம் விசாரிப்பதாக நினைத்துத்தான் கேட்கிறார்கள். நானும் மற்றவர்களிடம் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு நிம்மதியாக வடை எடுத்துத் தின்றிருக்கிறேன். என்னைக் கேட்டபோது மட்டும் வடை தொண்டையில் இறங்கவில்லை.

மகளுக்குப் பத்து வயதானபோது, அப்படி ஒரு மண்டபத்தில்தான் மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒருத்தி என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், வீட்டுக்கு வரச் சொன்னாள். அவளுடைய சமையலறை மேசையில் மூன்று குழாய்களைப் பிதுக்கி, யோகர்ட் கிண்ணத்துக்குள் கரண்டியால் கலக்கி, குழந்தைகளுக்கான பழக்கூழ் வரும் சின்னக் கண்ணாடிப் போத்தலில் அடைத்துத் தந்தாள். லேபிளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்திருந்தாள். "படுக்கேக்க மட்டும் பூசுங்கோ அக்கா, ரெண்டு கிழமையில பாருங்கோ" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. தானும் அதைத்தான் பூசினாள்.

இரண்டு கிழமை தேவைப்படவில்லை. எட்டாம் நாள் மங்கு மறைந்தது. முகம் பளிச்சென்று, பூசி மெழுகிய சுவர் போல ஒரே சீராக இருந்தது. அடுத்த கலியாண வீட்டில் ஒருத்தரும் வருத்தமா என்று கேட்கவில்லை. "நல்லா வெளிச்சிட்டீங்கள்" என்றார்கள். எனக்கு அன்று இருந்த சந்தோசத்தை மறைக்க மாட்டேன். வேலை நிரந்தரமானபோதுகூட அவ்வளவு சந்தோசம் வரவில்லை.

வேலை என்று சொன்னேன். நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர். என் வேலையில் பாதி, பிறர் தோலுக்குக் கிரீம் பூசுவது. காலில் பூச ஒன்று, புண் வரும் இடத்தில் பூச ஒன்று, கோடையில் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போகுமுன் வெயிலுக்குப் பூச இன்னொன்று. வழுக்கைத் தலை, காது மடல், கழுத்தின் பின்பக்கம், ஒரு இடமும் விடமாட்டேன். மூக்கில் புற்றுநோய் வந்து ஒரு துண்டு வெட்டியெடுத்த ஒரு விவசாயப் பெண்மணி இருந்தார். தொண்ணூறு தாண்டியவர். அவருடைய மூக்கைச் சுற்றி நான் பூசுவதைப் பார்த்த மேற்பார்வைப் பெண், உனக்கும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றாள். நான் சிரித்தேன். எனக்குப் பிறக்கும்போதே பூசிவிட்டிருக்கிறது என்றேன். அவளும் சிரித்தாள். வெயிலுக்குப் பூசுவது வெள்ளைக்காரருக்கு, வெள்ளையாவதற்குப் பூசுவது எங்களுக்கு. அப்படித்தான் என் தலைக்குள் பிரித்து அடுக்கி வைத்திருந்தேன். இரவில் தோலை உரிக்கும் கிரீமைப் பூசிவிட்டு, பகலில் அதே முகத்தோடு வெயிலில் நின்றேன்.

என் முகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

மகள் பதின்மூன்று வயதில் பெரியபிள்ளையானாள். மண்டபம், சமையல், லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வர வேண்டிய சொந்தம் எல்லாம் பார்த்து, சாமத்தியச் சடங்கை, பூப்பு விழாவை, மார்ச் மாதத்துக்கு வைத்தோம். நடுவில் பெப்ரவரியில் பள்ளிக்கூடம் பிள்ளைகளை ஒரு கிழமை ஸ்கீ லாகருக்கு, பனிமலை முகாமுக்கு, கொண்டுபோனது. மறித்துப் பார்த்தேன், நடக்கவில்லை. கொண்டுபோக வேண்டிய சாமான்களின் பட்டியலில் வெயில் கிரீம் என்று எழுதியிருந்தது. அது எங்களுக்கில்லை என்று வெட்டிவிட்டு, இரண்டு சோடி கையுறை வைத்து அனுப்பினேன்.

திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியவளின் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் இரண்டு மடங்கு என்று எனக்கு யார் சொன்னார்கள்? கண்ணாடி போட்ட இடம் மட்டும் பழைய நிறம். மற்ற இடமெல்லாம் கருகி, மூக்கு உரிந்து கிடந்தது. பிள்ளை பல் முழுவதையும் காட்டிச் சிரித்துக்கொண்டு வந்தாள். சறுக்கப் பழகிவிட்டாளாம், ஒருமுறைகூட விழாமல் கீழே வந்தாளாம். நான் அதைக் கேட்கவே இல்லை. சடங்குக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றே குளிக்கவைத்து, கட்டிலில் இருத்தி, போத்தலைத் திறந்தேன்.

"எரியுது அம்மா."

"கொஞ்சம் பொறு பிள்ளை. எரிஞ்சாத்தான் வேலை செய்யுது எண்டு அர்த்தம்."

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மறுநாள் தானாக வந்து முகத்தை நீட்டினாள். சடங்கன்று படம் பிடித்தவர், முகத்துக்கு வெளிச்சம் போடவே தேவையில்லை என்றார். அந்த ஆல்பம் இப்போதும் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. நான் திறப்பதில்லை.

சடங்கு முடிந்ததும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்திப் பார்த்தோம். நாலாம் நாள் அவள் முகம் சிவந்து வீங்கி, பரு பருவாகக் கிளம்பியது. பூசினால் அடங்கியது. அப்படியென்றால் இது மருந்துதானே என்று நினைத்தேன். அதன் பிறகு எனக்கொன்று அவளுக்கொன்றாக இரண்டு போத்தல் வாங்கினேன். அவள் கலியாணம் முடித்துத் தனிவீடு போன பிறகும், வந்து போகும்போதெல்லாம் மிளகாய்த்தூள் பொதியோடு ஒரு போத்தலையும் சுற்றிக் கொடுத்துவிடுவேன். அவள் கனத்த மேக்கப் போட்டு வேலைக்குப் போவதைப் பார்த்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகவும் இருந்தது.

ஐம்பது தாண்டியபோது என் முகம் என்னைக் கைவிட்டது. மறைந்த மங்கு சாம்பல் கலந்த நீலமாகத் திரும்பி வந்தது. எவ்வளவு பூசியும் அடங்கவில்லை. துவாயால் அழுத்தித் துடைத்தால் தோல் கிழிந்தது. ஒரு நாள் வேலையில் ஒரு தொண்ணூறு வயதுப் பெண்மணியின் கன்னத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியில் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே அவர் தோலும் என் தோலும் ஒரே மெல்லிசு. அவருக்கு அது வயதால் வந்தது. எனக்கு நான் தேடிப் பிடித்து வாங்கியது.

தோல் வைத்தியரிடம் மகள்தான் கூட்டிப்போனாள். என் ஜெர்மன் வேலைக்குப் போதும், வைத்தியரிடம் பேசக் காணாது என்று பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். வைத்தியர் இளம் பெண். வெளிச்சமுள்ள பூதக்கண்ணாடியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். போத்தலைக் கொடுத்தேன். லேபிள் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் நிறம் நீக்கும் மருந்தும் தோலை மெலியவைக்கும் கடுமையான கோர்ட்டிசோனும் கலந்திருக்கலாம் என்றார்.

கோர்ட்டிசோன் எனக்குத் தெரிந்த சொல். எங்கள் இல்லத்தில் அந்தக் கிரீம் பூட்டிய அலுமாரியில் இருக்கும். வைத்தியர் எழுதித் தந்தால்தான் எடுக்கலாம். கையுறை போட்டு, மெல்லிசாக, சொன்ன நாட்களுக்கு மட்டும் பூசி, ஒவ்வொரு முறையும் தாளில் கையொப்பம் வைப்பேன். அந்நியருடைய முழங்காலுக்கு அவ்வளவு பத்திரம். என் பிள்ளையின் முகத்துக்கு வெறுங்கை.

வைத்தியர் இன்னொன்று கேட்டார். மகள் கொஞ்சம் தாமதித்துத்தான் தமிழில் சொன்னாள்.

"வேற ஆரும் இதைப் பூசினவையோ எண்டு கேக்கிறா அம்மா."

"இல்லை" என்றேன். "நான் மட்டும்தான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவளைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றவா? மகள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வைத்தியரிடம் திரும்பி ஜெர்மனில் சொன்னாள். ஆம், நானும். பதின்மூன்று வயதிலிருந்து. பல தடவை நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அந்த ஜெர்மன் முழுவதும் எனக்கு விளங்கியது.

வைத்தியர் துடைப்புத்தாளை நீட்டினார். மகள் மேக்கப்பைத் துடைத்தாள். ஒரு தாள் போதவில்லை, நாலு தாள் எடுத்தாள். பல வருடத்துக்குப் பிறகு என் பிள்ளையின் வெறும் முகத்தை அன்றுதான் கண்டேன். இரண்டு கன்னத்திலும் மெல்லிய சிவப்பு நரம்புகள் பின்னிக் கிடந்தன. வாயைச் சுற்றிப் பருத் தழும்பு. அவளுக்கு இருபத்தேழு வயது. நான் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. வைத்தியர் சொன்ன மருந்துகளை ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ரயிலில் சொன்னேன்.

"நான் உன்ர நல்லதுக்குத்தானே பிள்ளை செய்தனான்."

"தெரியும் அம்மா." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்கள் ஒரு நாளும் என்னைக் கறுப்பி எண்டு சொன்னதில்லை. சொல்லியிருந்தா நான் சண்டை பிடிச்சிருப்பன். நீங்கள் பேசாமல் பூசி விட்டீங்கள்."



இப்போது நான் தினமும் காலை ஐந்தரைக்கு வெயில் கிரீம் பூசுகிறேன். நவம்பர் மாதம், வெளியே பனிப்புகார், பத்தடி தள்ளி நிற்கும் பஸ் தெரியாது. அதற்குள் நான் வெயிலுக்குப் பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். முகம் திருநீறு அப்பியது போல இருக்கிறது. நீலம் போகாது, கூடாமல் பார்க்கலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மகளுக்குக் கொஞ்சம் ஆறும், முழுதாக ஆறாது என்றார். முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேருக்கு நான் பூசி விடுகிறேன். என் மகள் தன் முகத்தை என்னைத் தொட விடுவதில்லை. சண்டையெல்லாம் இல்லை. நான் கையை நீட்டினால் ஏதோ சாக்குச் சொல்லி எழும்பிப் போவாள்.

போன வருடம் அவள் கர்ப்பமானாள். வீட்டுக்கு வந்து, கதிரையில் நேராக இருந்துகொண்டு சொன்னாள்.

"ஒண்டு மட்டும் அம்மா. பிள்ளையின்ர நிறத்தைப் பற்றி எங்கட வீட்டில ஆரும் ஒரு சொல்லுக் கதைக்கக் கூடாது. நீங்களும்தான்."

"ஓம்" என்றேன். "சத்தியமா."

அன்றிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை அதற்குப் பழகினேன். குழந்தையைக் கண்டதும் என்ன சொல்ல வேண்டும் என்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். வடிவான பிள்ளை. நல்ல சுகமான பிள்ளை. உன்ர கண் மாதிரிக் கண். நிறம் வரும் சொல் ஒன்றும் வராமல் தேர்ந்தெடுத்தேன். இதையாவது சரியாகச் செய்தால், அவள் முகத்தை ஒரு நாள் என் பக்கம் திருப்புவாள் என்று நம்பினேன். அதைத் தவிர நம்புவதற்கு எனக்கு வேறொன்றும் மிச்சமில்லை.

ஆஸ்பத்திரியில் மகள் மேக்கப் இல்லாமல் கட்டிலில் இருந்தாள். களைத்த முகம், கன்னத்து நரம்புகள் நன்றாகச் சிவந்திருந்தன. பெண் குழந்தை. என்னிடம் தானாகவே நீட்டினாள்.

"பிடியுங்கோ அம்மா."

வாங்கினேன். கண்ணீர் வந்தது. "வடிவான பிள்ளை" என்றேன். "உன்ர கண் மாதிரிக் கண்." மகள் சிரித்தாள். பனிமலையிலிருந்து வந்த அன்று சிரித்த அதே சிரிப்பு. நான் பழகிய சொற்கள் எல்லாம் சரியாக வந்துவிட்டன என்று எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. குழந்தையை மார்போடு சாய்த்துக்கொண்டேன், தொப்பி சற்று விலகியது.

மகளின் சிரிப்பு நின்றதைக் கண்டேன். ஏன் என்று விளங்கவில்லை. அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். என் சுட்டுவிரல் குழந்தையின் காது மடலைத் திருப்பி, நுனியை வெளிச்சத்துக்குக் காட்டிப் பிடித்திருந்தது.

நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சத்தியமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"அம்மா" என்றாள் மகள், சத்தம் போடாமல். "பிள்ளையைத் தாங்கோ."

கொடுத்தேன். அவள் குழந்தையைத் தன் பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, தொப்பியை இழுத்து, காது இரண்டையும் மூடினாள்.