ஒரு தேங்காய்க்கு இரண்டு பேர்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் மளிகைக் கடையில் அரை மணி நேரமாக நிற்கிறேன். தங்கை வீட்டுச் சட்னிக்கு ஒரு மூடி தேங்காய் வேண்டும். இன்றைய விலையில் முழுத் தேங்காய் ஆடம்பரம். மற்ற மூடிக்கு ஆள் வந்தால்தான் உடைப்பேன் என்கிறார் கடைக்காரர்.

வெளியே ஆளுங்கட்சியின் பிரசார ஆட்டோ தமிழில் முழங்குகிறது: “விலைவாசியை இறக்கிக் காட்டியது நமது அரசு.” எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த நாட்டு விலைவாசியை இறக்கினார்களாம்?

அந்த நேரம் பார்த்து, கட்சித் துண்டு போட்ட ஒருவர் உள்ளே வருகிறார். “எனக்கு ஒரு மூடி போதும் பையா. ஜல்தி.”

கடைக்காரர் உடனே உடைக்கிறார்.

“விலை இறங்கிடுச்சுன்னு உங்க ஆட்டோ கத்துது. நீங்க ஒரு மூடிக்கு வந்து நிக்கிறீங்க” என்கிறேன்.

“கத்துறது என் குரல்தான் சார். தமிழ்க்காரங்க ஓட்டுக்காக என்னைப் பேச வச்சு ரெக்கார்ட் பண்ணாங்க.”

“அப்ப உங்க ஓட்டு அவங்களுக்குத்தானே?”

அவர் துண்டைக் கழற்றி மூடியை அதில் முடிகிறார்.

“போன தடவை வீட்ல எல்லாரும் அவங்களுக்குத்தான் போட்டோம். இப்ப அந்த ஆட்டோ தெருவுல வந்தாலே ஜன்னலைச் சாத்துறோம். முதல்ல எழுந்து சாத்துறது நான்தான்.”