கிளட்சை மெதுவா விடுங்கக்கா, குமட்டுது!

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்கு ஸ்டியரிங் கிடையாது. காலடியில் ஒரு பிரேக்கும், கும்பிட்டுக்கொள்ள ஒரு சாமியும்தான் உண்டு.

சிம்பாங் ரெங்கம் என்கிற எங்கள் சின்ன ஊரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் நான் டீச்சர். பெயர் ஜெயா, வயது நாற்பத்தெட்டு. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். புருஷனிடம் கற்றுக்கொண்டால் கார் ஓட்ட வருமோ வராதோ, குடும்பம் உடைவது நிச்சயம் என்று தெரிந்தவர்கள்.

போன வருஷம் என் சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து படுத்துவிட்டன. ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். பையில் இருக்கிற மருந்துத் தண்ணீரை அதன் வழியாக வயிற்றுக்குள் இறக்க வேண்டும். சில மணி நேரம் அது உள்ளே இருந்து உடம்பின் அழுக்கை இழுத்துக்கொள்ளும். அப்புறம் வடித்துவிட்டுப் புதுசு இறக்க வேண்டும். தினமும் நாலு தடவை, நம் கையாலேயே. ஊர் விட்டு ஊர் போய் டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் படுத்துக் கிடக்க வேண்டாம், வேலையையும் விட வேண்டாம் என்றுதான் நான் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆனால் இந்தக் குமட்டல் இருக்கிறதே! இதே தண்ணீரை வயிற்றில் சுமந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். நீங்களாவது வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து குமட்டுவீர்கள். எனக்கு வயிற்றுக்குள் ரெண்டு லிட்டர், வயிற்றுக்கு மேலே சீட் பெல்ட், பக்கத்தில் கிளட்சைப் படக்கென்று விடுகிற ஒரு அம்மா. எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். இந்தக் குமட்டல் என்னை அந்த சீட்டிலிருந்து இறக்கிவிடக் கூடாது.

ஊரே கொண்டாடிய சேதி

ஆரம்பத்தில் எங்கள் தவுக்கேவைத் தவிர ஸ்கூலில் யாருக்கும் என் நோயைப் பற்றித் தெரியாது. தவுக்கே என்றால் முதலாளி, சீனர், நல்ல மனுஷன். மற்றவர்கள் கண்ணில் பட்டது வேறு. டீச்சர் பாடத்துக்கு நடுவில் காரை நிறுத்தச் சொல்கிறாள், ஓரமாக ஓடி வாந்தி எடுக்கிறாள். வயிறு முன்னால் தள்ளியிருக்கிறது. வாயில் எந்நேரமும் ஆசாம் போய், அதுதான் அந்த உப்பும் புளிப்புமான காய்ந்த பழம். நம் ஆட்களுக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒரு நாள் என்னிடம் படிக்கிற பெண்ணின் அம்மா டப்பா நிறைய மாங்காய் நறுக்கிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "வெட்கப்படாதீங்க டீச்சர், ஆண்டவன் எந்த வயசுல கொடுத்தாலும் சந்தோஷமா வாங்கிக்கணும்" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. புரிந்ததும் சட்டையை லேசாகத் தூக்கிக் குழாயைக் காட்டினேன். பாவம், அந்த அம்மா மாங்காயைத் திருப்பி வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் சேகரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டு எங்கேயோ பார்த்தார். என்னங்க என்று உலுக்கிக் கேட்டேன்.

"கோப்பிக் கடையில நாலு பேரு எழுந்து வந்து கை கொடுத்தாங்க ஜெயா. இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

கவுண்டருக்குக் குளிர்சாதனம் உண்டு

அஞ்சலை அக்காவை நான் மறக்கவே முடியாது. ஐம்பதைத் தாண்டியவர். தொழிற்சாலை வேன் அவர் கம்பத்துப் பக்கம், அதாவது கிராமத்துப் பக்கம், வருவதை நிறுத்திவிட்டதால், இந்த வயதில் லைசன்ஸ் எடுக்க வந்தார். தங்கமான மனுஷி. ஆனால் கிளட்சை விடுகிற விதம் இருக்கிறதே, கார் தவளை மாதிரி குதிக்கும். "மெதுவா விடுங்கக்கா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு குதி குதித்து எஞ்சின் அணைந்துவிடும்.

அன்றைக்கு நட்ட நடு ரவுண்டபவுட்டில் அப்படிக் குதித்தது. என்னால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து புல் மேட்டுக்கு ஓடினேன். நான் குனிந்து நிற்கிறேன், அக்கா காருக்குள் தலையில் கை வைத்து அழுகிறார், பின்னால் எண்ணெய் ஆட்டுகிற செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்காரன் ஹாரனை அமுக்குகிறான். எதிர்ப் பக்கம் வந்த காரில் யார் தெரியுமா? எங்கள் தவுக்கே!

அக்காவின் கவலை எல்லாம் வேறு. "நான் ஓட்டுறது வாந்தி எடுக்கிற அளவுக்கா டீச்சர் மோசமா இருக்கு?" என்று திரும்ப வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். இல்லைக்கா, எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் பாதிதான் நம்பினேன்.

ஸ்கூலுக்கு வந்ததும் தவுக்கே கூப்பிட்டார். அவர் மலாயில்தான் பேசுவார், நான் தமிழில் தருகிறேன், பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வைத் தவிர. திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குப் பதில் வந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், சுடுதண்ணீர் கொடுத்தார். சீனப் புத்தாண்டு வரைக்கும் பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் காரை விட்டுவிட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து பதிவு வேலை பார் என்றார். பதினேழு வருஷமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இனிமேல் சுவரைப் பார்க்க வேண்டுமா? என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாக ஒன்று சொன்னார்.

"கவலைப்படாதே லா ஜெயா, கவுண்டர்ல ஏர்கான் இருக்கு. கவுண்டர் குதிக்கவும் குதிக்காது."

மிஸ்ஸியின் முதல் கேள்வி

அடுத்த கிளினிக்குக்கு அழுதுகொண்டே போனேன். அங்கே இந்தத் தண்ணீர் வைத்தியத்தைச் சொல்லிக்கொடுக்கிற மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், ஒருவர் இருக்கிறார். மலாய்க்காரப் பெண்மணி, தமிழ் நோயாளிகளோடு பழகிப் பழகித் தமிழில் திட்டுகிற அளவுக்குத் தேறியவர். குமட்டல், வேலை, தவுக்கே, கவுண்டர் என்று என் கதையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அவர் கேட்ட முதல் கேள்வி: "இன்னிக்கு வெளிக்குப் போச்சா?"

மானம் போனது. ஆனால் விஷயம் அங்கேதான் இருந்தது. மலச்சிக்கல் இருந்தால் தண்ணீர் சரியாக வடியாதாம், வயிறும் திம்மென்று நிற்குமாம். டாக்டர் அதற்கு ஒரு மருந்தும், சாப்பாட்டுக்கு முன்னால் போட ஒரு மாத்திரையும் கொடுத்தார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, பகலில் இறக்குகிற தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து ராத்திரியில் சரிக்கட்டினார். மிஸ்ஸி தன் பங்குக்குச் சொன்னவை: தட்டு நிறையச் சாப்பிடாதே, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. பழைய தண்ணீரை வடித்த பிறகு, புதுசு இறக்குவதற்கு முன்னால் சாப்பிட்டால் வயிற்றில் இடம் இருக்கும். சாப்பிட்ட கையோடு படுக்காதே.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு என் கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. எடையும் ஏறியிருந்தது. கைப்பையைத் திற என்றார். உள்ளே ஆசாம் போய் மூன்று பொட்டலம். குமட்டலுக்கு நல்லது என்று நானாகக் கண்டுபிடித்த வைத்தியம். அத்தனையும் உப்பு. உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் தண்ணீரைக் கேட்கும், குடித்த தண்ணீர் காலில் இறங்கும். மூன்று பொட்டலத்தையும் எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

"குமட்டலுக்குத்தானே வழி கேட்டு வந்தே? நீ என்னடான்னா உன்னையே உப்புக்கண்டம் போட்டுக்கிற!"

வாசனைக்காரப் பிள்ளை

குமட்டுகிற வயிற்றுக்கு மூக்குதான் முதல் எதிரி. கற்றுக்கொள்ள வருகிறவர்களில் ஒருத்தி மசாலா அடைத்த கறிப்பாப் தின்றுவிட்டு வருவாள், ஒருத்தி தலைக்கு எண்ணெய் வைத்து வருவாள். எல்லாவற்றையும் ஜன்னலைத் திறந்து சமாளித்தேன். சிங்கப்பூரில் வேலைக்குப் போகப்போகிற பெண் ஒருத்தி வந்தாள் பாருங்கள், செண்ட்டிலேயே குளித்துவிட்டு வருவாள். கார் கதவைத் திறக்கும் முன்னே எனக்குக் கண் இருட்டும். மூன்றாவது பாடத்தில் பொறுக்க முடியாமல், "கோவிச்சுக்காதம்மா, எனக்கு உடம்பு ஒரு மாதிரி. நாளைக்கு செண்ட் போடாம வர்றியா?" என்று கேட்டேன். முகம் வாடிப் போனது. மனசாரக் கேட்டாள்.

"சரி டீச்சர். குளிக்கலாமா, அதுவும் கூடாதா?"

டீச்சர் ஆயில் மாத்துறாங்க

மத்தியானத் தண்ணீரை ஸ்கூலில்தான் மாற்றியாக வேண்டும். தவுக்கே எனக்காகச் சாமான் அறையைக் காலி பண்ணிக் கொடுத்தார். துடைத்து, மேசை போட்டு, பையை மாட்ட ஆணியும் அடித்தாயிற்று. கதவைச் சாத்த வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், முகமூடி போட வேண்டும், கையை அழுந்தக் கழுவ வேண்டும். கிருமி உள்ளே போனால் வயிறு புண்ணாகிவிடும். புழுக்கம் சொல்லி மாளாது. பழைய தண்ணீர் வடிந்த பிறகு ரெண்டு இட்லி சாப்பிடுவேன். மிஸ்ஸி சொன்னது உண்மைதான், அந்த நேரத்தில் சாப்பிட்டால் உள்ளே தங்குகிறது. அதற்குப் பிறகுதான் மறுபடி கை கழுவிப் புதுத் தண்ணீர்.

கதவை யாராவது திறந்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். காவலுக்கு நின்றவர் இன்னொரு டீச்சர் சுல்கிஃப்லி. நாற்காலி போட்டுக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் ஒரு அம்மா பாடத்துக்கு நேரமாச்சு, டீச்சர் எங்கே என்று சத்தம் போடுவது உள்ளே எனக்குக் கேட்டது. என்னுடைய நோயை எடுத்து விளக்கப் போகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் கொஞ்சம்கூட அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்.

"டீச்சர் ஆயில் மாத்துறாங்க. பழசை இறக்கியாச்சு, புதுசு ஊத்துனதும் வண்டி கிளம்பிரும்."

பின் சீட்டில் தவுக்கே

புத்தாண்டு நெருங்கியது. குமட்டல் குறைந்திருந்தது, முழுசாகப் போகவில்லை. சில நாள் காலையில் பல் விளக்கும்போதே வந்து நிற்கும். காரை நிறுத்தி ஓரமாக ஓடுவது மட்டும் நின்றிருந்தது. தவுக்கேவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, நான் பின்னால் உட்கார்ந்து ஒரு பாடம் பார்க்கிறேன், அப்புறம் முடிவு சொல்கிறேன் என்றார். அன்றைக்கு யார் பாடம்? வேறு யார், அஞ்சலை அக்காதான்.

முதலாளி பின்னால் ஏறியதைப் பார்த்ததும் அக்கா சீட் பெல்ட்டை மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டினார். புறப்படும்போதே கார் மூன்று குதி. பள்ளிக்கூடத்து வாசல் வேகத்தடைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு தூக்கு, ஒரு போடு. மேட்டில் நிறுத்தி எடுக்கிற பயிற்சியில் பின்னால் சரிவதும், உறுமுவதும், அணைவதுமாக எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. எனக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவுதான், கவுண்டர்தான் என்று கண்ணில் தண்ணீரே வந்தது. ஜன்னலை இறக்கினேன். தூரத்தில் தெரிந்த செம்பனை வரிசையையே பார்த்தேன். மூச்சை மெதுவாக இழுத்து விட்டேன். "மெதுவாக்கா, பாதி கிளட்ச், அப்படியே பிடிங்க, அவசரமே இல்லை" என்று அக்காவுக்குச் சொன்னேனோ, என் வயிற்றுக்குச் சொன்னேனோ தெரியாது. வந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

பின் சீட்டில் சத்தமே இல்லை. கவனமாகப் பார்க்கிறார் போல என்று நினைத்தேன். திடீரென்று என் தோளில் ஒரு கை விழுந்தது. "நிறுத்து, நிறுத்து, சீக்கிரம் லா!" என்று ஒரு குரல், அது தவுக்கே குரல் மாதிரியே இல்லை. அக்கா கண்ணாடியைப் பார்த்தார், சிக்னல் போட்டார், ஒரு குலுக்கல் இல்லாமல் காரை ஓரம் கட்டினார். அன்றுவரை அவர் அப்படி நிறுத்தியதே இல்லை. கதவைத் திறந்து பாய்ந்த தவுக்கே வாய்க்கால் ஓரமாகக் குனிந்து, காலையில் தின்ற அத்தனையையும் செம்பனைக்கு உரமாகப் போட்டார்.

நான் இறங்கிப் போய்த் தண்ணீர் கொடுத்தேன், முதுகைத் தடவிவிட்டேன். முகம் வெளுத்துப்போயிருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், அதற்குள் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்த அஞ்சலை அக்காவைப் பார்த்தார். திரும்பிப் போகலாமா தவுக்கே என்று கேட்டேன். ரெண்டு கையையும் தூக்கி மறுத்துவிட்டு, சுல்கிஃப்லியை வேறு கார் எடுத்து வரச் சொல்லிப் போன் போட்டார். போனை மடக்கிக்கொண்டே என் விஷயத்தில் தன் முடிவையும் சொன்னார்.

"நீ இங்கேயே இரு ஜெயா, கவுண்டருக்கு நான் போறேன்."

ஆக, வயிற்றில் தண்ணீர் சுமக்கிற என் சகோதர சகோதரிகளே, குமட்டல் என்னை விட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை, ஆனால் அன்றைக்கு அது எனக்கு முன்னால் முதலாளிக்கு வந்து தொலைத்த புண்ணியத்தில் என் சீட்டு எனக்கே இருக்கிறது.